பக்கத்து வீட்டுக்குக் கேட்காத ஹெவி மெட்டல்!

ஓட்டப்பிடாரத்தில் ராத்திரி ஒன்பது மணிக்குத் தும்மினால், தெருக்கோடியில் இருந்து யாராவது 'நூறு' சொல்வார்கள். அப்படி ஒரு அமைதி! வ.உ.சி. பிறந்த ஊர். பக்கத்திலேயே பாஞ்சாலங்குறிச்சி. வீர வசனத்துக்குப் பஞ்சமே இல்லாத ஏரியாதான். ஆனாலும் எங்கள் தெருவில் எலெக்ட்ரிக் கிதாரை ஆம்ப்பில் சொருகி, டிஸ்டார்ஷனைத் தட்டிவிட்டு, வால்யூமை முக்கால்வாசி திருகிய முதல் ஆள் நான்தான்.

செகண்ட் இயர் லீவ். செகண்ட் ஹேண்ட் கிதார். 15 வாட் ஆம்ப். 'ஜ்ஜங் ஜ்ஜங்' என்று முதல் ரிஃப் அடித்ததும் அலமாரிக் கண்ணாடி கிடுகிடுவென ஆடியது. 'ஆஹா, இதுதான்யா மெட்டல்!' என்று கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன்... திறந்தால் வாசலில் எதிர் வீட்டு மதினி!

திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவங்க திட்டலை.

"தம்பி, வாசிக்க வேண்டாம்னு சொல்லல. உப்பளத்துக்குப் போற வேன் விடியக்காலம் மூணு மணிக்கு வந்துரும். இப்பக் கொஞ்சம் கண்ணசந்தாத்தான் நாளைக்கு வெயில்ல நிக்க முடியும்."

அவ்வளவுதான். போய்விட்டார்கள். எனக்கு சுருக்கென்றது. ஆம்ப்பை அணைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் அவங்க தூக்கம். இன்னொரு பக்கம் என் பாட்டு. ரெண்டில் ஒண்ணுதான் நடக்குமா? சென்னைக்குப் போய், மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்து ஸ்டுடியோ பிடித்தால்தான் நம்மால் ஒரு பாட்டு போட முடியுமா?

இல்லை ஃப்ரெண்ட்ஸ். ரெண்டும் நடக்கும். எப்படி என்பதுதான் இந்த வாரக் கதை.

கனம் வேற... சத்தம் வேற!

நம்மில் பல பேருக்கு ஒரு நினைப்பு. ஹெவியாகக் கேட்கணும்னா சத்தமாக வைக்கணும். இது தப்பு என்று புரிய வெளிநாட்டுக்கெல்லாம் போக வேண்டாம். கோவில்பட்டிக்குப் போனாலே போதும். அங்கே வாழ்ந்த நாகஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம், 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் 'சிங்கார வேலனே' பாட்டுக்கு வாசித்திருக்கிறார். எஸ்.ஜானகி பாட்டு, எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசை. அந்தப் பாட்டை டீக்கடை ரேடியோவில், பாய்லர் சத்தத்துக்கு நடுவில், முணுமுணுவென்று கேட்டுப் பாருங்கள். அப்பவும் அது நாகஸ்வரம்தான். அந்தக் கம்பீரம் ஒரு பொட்டு குறையாது. காரணம், அந்தக் கனம் ஒலியின் குணத்தில் இருக்கிறது. ரேடியோவின் வால்யூம் குமிழில் இல்லை.

கிதாரிலும் அதே கதைதான். டிஸ்டார்ஷன் என்றால் என்ன? கம்பி கொடுக்கும் அலை மேலும் கீழும் மலை மாதிரி ஏறி இறங்கும். அந்த மலை உச்சியை வெட்டித் தட்டையாக்கினால் புதுசு புதுசாக மேல் ஸ்வரங்கள் முளைக்கும். சின்ன நோட்டும் பெரிய நோட்டும் கிட்டத்தட்ட ஒரே உயரத்துக்கு வந்து நிற்கும். அதனால்தான் அந்த 'ஜ்ஜங்' நீளமாக, தடிமனாகக் கேட்கிறது. இந்த வெட்டுகிற வேலையை 100 வாட் ஆம்ப்பும் செய்யும். கட்டை விரல் நகம் அளவு சில்லும் செய்யும். வெட்டுவதற்கு ஊரைக் கூட்டத் தேவையில்லை.

1964-ல் 'தி கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ், ஒரு குட்டி ஆம்ப்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கிழித்துத்தான் 'யூ ரியலி காட் மி' பாட்டின் கரகர ஓசையைப் பிடித்தார். 1968-ல் பீட்டில்ஸ் 'ரெவல்யூஷன்' பாட்டுக்கு ஆம்ப்பே வைக்காமல் கிதாரை நேராக ஸ்டுடியோ மிக்ஸரில் சொருகி, அந்த மிக்ஸரையே மூச்சு முட்டவைத்து டிஸ்டார்ஷன் எடுத்தார்கள். ரெண்டிலுமே ராட்சஸ ஆம்ப் கிடையாது!

வாட் கணக்கு... வாத்தியார் சொல்லாதது

"அப்போ சின்ன ஆம்ப் வாங்கிட்டா முடிஞ்சுதே பாஸ்?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பிசிக்ஸ்.

100 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல். காதுக்குப் பெரிசாகத் தெரியாது. சத்தம் பாதியாகக் குறைந்த மாதிரி நமக்குத் தோன்றவே சுமார் 10 டெசிபல் இறங்கணும். அதாவது, வாட் பத்தில் ஒரு பங்காக வேண்டும். 100 வாட் ஆம்ப்பின் பாதி சத்தம் 50 வாட் இல்லை, 10 வாட்! அதிலும் பாதி 1 வாட். அந்த ஒத்த வாட்டே நல்ல கிதார் ஸ்பீக்கரில் ஒரு மீட்டர் தூரத்தில் 95, 100 டெசிபல் வரைக்கும் போகும்.

நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கான அளவு பகலில் 55 டெசிபல், ராத்திரி 45. ராத்திரி என்றால் 10 மணி முதல் காலை 6 வரை. மதினி தூங்கி, எழுந்து, வேன் ஏறுகிற நேரம் அதற்குள்தான் வருகிறது. ஸோ, 15 வாட் ஆம்ப்பை வைத்துக்கொண்டு 'இது சின்னதுதானே' என்று நான் சொன்னது எவ்வளவு பெரிய காமெடி என்று பாருங்கள்.

பஞ்சு மூட்டை பிளான்

அடுத்து எனக்கு வந்த ஐடியா, கரிசல்காட்டுப் பிள்ளைக்கு வரவேண்டிய ஐடியாதான். பருத்தி விளையுற பூமி, பஞ்சுக்கா குறைச்சல்? பக்கத்தில் புதியம்புத்தூர். ரெடிமேட் துணி தைக்கிற ஊர். வெட்டுத் துணி மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். ஜன்னலில் மெத்தை, கதவில் போர்வை, ஆம்ப்பைச் சுத்தித் துணி மூட்டை என்று ரூமையே தலையணை ஆக்கிவிட்டேன். தெருவில் போய் நின்று கேட்டால்... 'டும் டும் டும்' அப்படியே வருது!

ஏன்? பஞ்சும் துணியும் ரூமுக்குள் எதிரொலியைக் குறைக்கும். கீச்சுக் குரலை உறிஞ்சும். அடிவயிற்றில் இருந்து வரும் பேஸ் அலைகளுக்கு அது கொசுவலை மாதிரி, பாட்டுக்கு ஊடே புகுந்து போய்விடும். சத்தம் வெளியே போகாமல் நிற்க எடை வேண்டும், சந்து இல்லாமல் அடைப்பு வேண்டும். தடிச்ச சுவர், நடுவில் காத்து இடைவெளி, அப்புறம் இன்னொரு சுவர். நம்ம ஊர் கரிசல் மண்ணோ மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். வீட்டுச் சுவரில் விரல் நுழைகிற வெடிப்பு விடும். சுவரில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தாலே போதும், மிச்ச 99 பங்கும் கோட்டைச் சுவராக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது.

ஆக, சத்தத்தை உண்டாக்கிவிட்டு அதைப் பிடித்துக் கட்டுவது நம்மால் ஆகாத வேலை. உண்டாக்காமலே இருந்தால்?

ஸ்பீக்கரைக் கழட்டு மச்சி!

இந்தக் கேள்வியை நமக்கு முன்னாடியே கேட்டவர் டாம் ஷோல்ஸ். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்து, போலராய்டு கம்பெனியில் வேலை பார்த்தவர். வேலை முடிந்து வந்து வீட்டு நிலவறையில் பாட்டுப் பதிவு. அங்கே பெரும்பகுதி உருவான 'பாஸ்டன்' குழுவின் முதல் ஆல்பம் 1976-ல் வெளிவந்து கோடிக்கணக்கில் விற்றது. அவர் அதோடு விடலை. 1982-ல் 'ராக்மேன்' என்று ஒரு டப்பா கொண்டுவந்தார். இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம், பாட்டரியில் ஓடும், கிதாரை ஒரு பக்கம் சொருகி ஹெட்ஃபோனை மறுபக்கம் சொருகினால் ஸ்டேடியம் சத்தம் காதுக்குள் மட்டும்! 1987-ல் வந்த டெஃப் லெப்பர்டின் 'ஹிஸ்டீரியா' ஆல்பத்தில் அந்த மாபெரும் கிதார் ஓசைக்குப் பின்னால் இருந்ததும் இந்த ராக்மேன்தான்.

அதற்கப்புறம் வரிசை கட்டி வந்தன. 1998-ல் லைன் 6 கம்பெனியின் 'பாட்'. 2002-ல் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஆம்ப்பை வைத்த 'ஆம்ப்ளிட்யூப்'. 2004-ல் 'கிதார் ரிக்'. இப்போது 'நியூரல் ஆம்ப் மாடலர்' என்ற சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. நிஜ ஆம்ப் எப்படி நடந்துகொள்கிறது என்பதை கம்ப்யூட்டர் கேட்டுக் கேட்டுப் பழகி, அதே மாதிரி நடிக்கும். ஆம்ப்புக்கு டூப்!

நம்ம நாட்டில் யாராவது இப்படிப் பண்ணி ஜெயித்திருக்கிறார்களா? டெல்லியின் கேஷவ் தர் இருக்கிறார். வீட்டில் தனியாளாக கிதார் பதிவு செய்து ஆரம்பித்ததுதான் அவரது 'ஸ்கைஹார்பர்'. பாடகர் டேனியல் டாம்ப்கின்ஸ் இங்கிலாந்துக்காரர். டிரம்மர் அனுப் சாஸ்திரி அமெரிக்கா. இன்னொரு பாடகர் சுனீத் ரேவங்கர் மும்பை. 2012-ல் இவர்கள் சேர்ந்து கொடுத்த இரட்டை ஆல்பத்தை பிரிட்டனின் பேசிக் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. மெகாடெத் குழுவில் வாசித்த மார்ட்டி ஃப்ரீட்மேன் அதில் விருந்தாளியாக வந்து சோலோ வாசித்துக் கொடுத்தார். வீட்டு ரூமில் தொடங்கிய வேலை, கண்டம் தாண்டிப் போயிடுச்சு!

சரி, என்னென்ன வேணும்?

ஒண்ணு... ஆடியோ இன்டர்ஃபேஸ். கிதாரை லேப்டாப்பின் மைக் ஓட்டையில் நேராகச் சொருகாதீர்கள். சாதாரண கிதார் பிக்கப்புக்கு எதிரே சுமார் 1 மெகா ஓம் தடை இருந்தால்தான் உயிரோடு பேசும். மைக் ஓட்டையில் அது சில ஆயிரம் ஓம்தான். ஓசை தலையணைக்கு அடியில் இருந்து வருகிற மாதிரி மங்கிவிடும். 'இன்ஸ்ட்ருமென்ட்' என்று போட்டிருக்கும் நுழைவு உள்ள இன்டர்ஃபேஸ் வாங்குங்கள். ஒத்தைச் சானல் போதும்.

ரெண்டு... ஆம்ப் சாஃப்ட்வேர். மேலே சொன்னதில் ஏதாவது ஒண்ணு.

மூணு... இதைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். கேபினட் கோப்பு. 'ஐ.ஆர்.' என்பார்கள். டிஸ்டார்ஷனை அப்படியே ஹெட்ஃபோனில் கேட்டால் குளவிக் கூட்டைக் கலைத்த மாதிரி 'ஸ்ஸ்ர்ர்' என்று குத்தும். 'சே, கம்ப்யூட்டர் கிதார் வேஸ்ட்' என்று பல பேர் ஓடிப்போவது இந்த இடத்தில்தான். நிஜ கிதார் ஸ்பீக்கர் ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை மளமளவென்று வெட்டிவிடும். அந்தக் கீச்சு நம் காதுக்கு வந்ததே இல்லை. எங்கேயோ ஒரு ஸ்டுடியோவில் ஒரு ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மைக் வைத்து, அந்த ரெண்டும் சேர்ந்து ஒலியை எப்படி மாத்துகிறது என்று எடுத்துவைத்த ஜாதகம்தான் ஐ.ஆர். ஆம்ப் சாஃப்ட்வேருக்கு அடுத்து அதைப் போட்டதும் குளவி போய் சிங்கம் வரும்.

நாலு... தாமதம். அடிக்கிறது இப்போ, கேட்கிறது அப்புறம் என்றால் வாசிக்கவே முடியாது. 48,000 சாம்பிளில் பஃபரை 128 என்று வைத்தால் ஒரு வழிக்கு 2.7 மில்லி செகண்ட்தான். போக, வர எல்லாம் சேர்த்து 10-க்குள் இருந்தால் ஓகே. அது ஆம்ப்பில் இருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசிக்கிற மாதிரிதான்.

இதில் ஒரு போனஸ்! சாஃப்ட்வேருக்குள் நுழைவதற்கு முந்தைய வெறும் கிதார் சிக்னலைத்தான் கம்ப்யூட்டர் சேமிக்கும். ராத்திரி வாசித்துவிட்டு, எந்த ஆம்ப் என்று காலையில் காபி குடித்துக்கொண்டே முடிவு பண்ணலாம். ஒரே கண்டிஷன்... இன்டர்ஃபேஸில் சிவப்பு லைட் எரிய விடாதீர்கள். உச்சம் மைனஸ் 12 பக்கம் நிற்கட்டும். அங்கே வெட்டுப்பட்டால் அது மெட்டல் இல்லை, வெறும் ஓட்டைத் தகரம்.

'கொர்ர்ர்' என்பது யார்?

ஹெட்ஃபோன் மாட்டினால் முதலில் கேட்பது கிதார் இல்லை. 'கொர்ர்ர்' என்று கரண்ட் சத்தம். நம்ம ஊர் மின்சாரம் செகண்டுக்கு 50 சுற்று. அதுவும் அதன் மடங்குகளும் பிக்கப்பில் வந்து குடியேறும். இதைத் தீர்க்கத்தான் 1955-ல் கிப்ஸன் கம்பெனியின் செத் லவர், ரெண்டு சுருளை எதிரெதிராகச் சேர்த்து 'ஹம்பக்கர்' கண்டுபிடித்தார். ஹெவியாக வாசிக்கிறவர்கள் ஹம்பக்கர் கிதார் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கு இருந்தது ஒத்தைச் சுருள். குற்றவாளியை ஒரு வாரம் தேடினேன். கடைசியில் மாட்டினது... ஃபேன் ரெகுலேட்டர்! எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் கரண்ட் அலையை நறுக்கி நறுக்கித்தான் வேகத்தைக் குறைக்கும். அந்த நறுக்கல் எல்லாம் பிக்கப்பில் கேட்கும். ஒண்ணு ஃபேனை ஃபுல்லில் வைக்கணும், இல்லை அணைக்கணும். ஏப்ரல் மாதத்து ஓட்டப்பிடாரத்தில் நான் எதைத் தேர்ந்தெடுத்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். ஃபேன் ஃபுல்லில் சுத்தலாம், தப்பில்லை. இங்கேதான் மைக்கே கிடையாதே! ஃபேன் காத்து, நாய் குரைப்பு, கோயில் கொடைக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கர் எதுவுமே பாட்டில் விழாது. நம்ம சத்தம் தெருவுக்குப் போகாது, தெருச் சத்தம் நமக்கு வராது. நியாயமான ஒப்பந்தம்!

லேப்டாப் சார்ஜரைக் கழட்டிவிட்டு பாட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பாதி இரைச்சல் போகலாம். சுவரைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து என்று உட்காருகிற திசையை மாத்திப் பாருங்கள். ஆனால், 'எர்த் பின்னை உடைச்சா இரைச்சல் போயிடும்' என்று எவனாவது சொன்னால் அவன் பேச்சைக் கேட்காதீர்கள். இரைச்சலோடு நீங்களும் போயிடுவீங்க. சீரியஸாகச் சொல்றேன்.

ஹெவி எங்கே இருந்து வருது?

வாசிக்கும்போது கெயின் குமிழை எல்லோரும் முழுசாகத் திருகுவார்கள். நான் நினைத்த அளவில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். குறைக்கக் குறைக்க ரிஃப் தெளிவாச்சு. ஏற்கெனவே தட்டையான அலையை மேலும் வெட்டினால் சோறு குழைஞ்ச மாதிரி ஆகிடும்.

அப்புறம் டபுள் டிராக்கிங். ஒரே ரிஃப்பை ரெண்டு தடவை வாசித்து, ஒண்ணை இடது பக்கம், இன்னொண்ணை வலது பக்கம் முழுசாகத் தள்ளணும். காப்பி பேஸ்ட் பண்ணினால் வேலைக்கு ஆகாது. அது அதே கிதார்தான், நட்டநடுவில் நிற்கும். ரெண்டு தடவையும் மனுஷன் வாசிக்கும்போது வருகிற நூலிழை வித்தியாசம்தான் அந்த அகலத்தைக் கொடுக்கிறது. ஆனால், வித்தியாசம் நூலிழையாகத்தான் இருக்கணும். கயிறாக இருந்தால் கந்தல். மெட்ரோநோம் போட்டு, மெதுவாகத் தொடங்கி, நாப்பது அம்பது தடவை வாசிச்சாத்தான் வரும். இதுக்கு ஷார்ட்கட் எந்த சாஃப்ட்வேரிலும் கிடையாது.

இன்னொரு ரகசியம். நெஞ்சில் வந்து இடிக்கும் அந்த 'டும்' பெரும்பாலும் கிதாரே இல்லை. கிதாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். பேஸ் கிதாரின் தடித்த கம்பி 41. ஸோ, கிதாரில் 80-க்குக் கீழே கொஞ்சம் வெட்டி பேஸுக்கு இடம் விடுங்கள். ரெண்டும் சேர்ந்து ஒரே மிருகமாகக் கேட்கும். மெதுவாக வைத்துக் கேட்கும்போது மனுஷக் காதுக்கு பேஸ் குறைவாகத்தான் தெரியும். 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற ரெண்டு பேர் இதை அளந்து சொல்லிவிட்டார்கள். 'பத்தலையே' என்று பேஸை ஏத்திக்கொண்டே போகாமல், உங்களுக்குப் பிடித்த ஒரு ஆல்பத்தை அதே சத்தத்தில் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாக, காது. ஊருக்குக் கேட்கலை என்பதற்காக ஹெட்ஃபோனை முழுசாகத் திருகினால் அந்த ஆம்ப் இப்போ உங்க மண்டைக்குள்ளே ஓடுதுன்னு அர்த்தம். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபல் வரைக்கும்தான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தம் கூடக் கூட அந்த நேரம் மடமடவென்று குறையும். காதில் 'ஙொய்ங்' என்று கேட்டால் கிதாரைக் கீழே வையுங்கள். கம்பி அறுந்தால் கடையில் வாங்கலாம். காது நரம்புக்குக் கடை கிடையாது.

மூணு மணி வேன்

எல்லாம் கத்துக்கிட்டு, ஒரு மூன்று நிமிஷப் பாட்டு முடிக்க எனக்கு ரெண்டு மாதம் ஆச்சு. அத்தனையும் ராத்திரி பத்து மணிக்கு மேல் வாசித்தது. ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மதினி தண்ணிக் குடத்தோடு போகும்போது நிறுத்தி, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். கண்ணை அகல விரித்துக் கேட்டாங்க. அரை நிமிஷத்தில் கழட்டினாங்க.

"யப்பா... கொடைக்கு வெடி போட்ட மாரி இருக்கு. இத எங்க போயி வாசிச்ச?"

"இங்கதான் மதினி, நம்ம வீட்டுலதான்."

"எப்ப?"

"நேத்து ராத்திரிகூட. பதினோரு மணிக்கு."

"போ தம்பி, பொய் சொல்லாத. நேத்து நான் நல்லா ஒறங்கினேன்ல" என்று குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார்கள்.

என் பாட்டுக்கு இதுவரைக்கும் கிடைத்த பாராட்டுகளில் பெரிசு அதுதான் ஃப்ரெண்ட்ஸ். உங்க ரூமிலும் ஒரு கிதார் 'ஊர் என்ன சொல்லுமோ' என்று பயந்து மூலையில் சாய்ந்திருந்தால், இன்னிக்கு ராத்திரி தூசி தட்டுங்க. ஹெட்ஃபோனை மாட்டுங்க. மெதுவா... ஆனா, ஹெவியா!